இருபது விநாடிக்கு மேல் பேசாவிட்டால்

ஐம்பத்து மூன்று வயதில் அவர் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினோரு பேட்டரிகளைத் தூக்குகிறார். ஒன்று இருபத்தெட்டுக் கிலோ. மின்சாரம் போகும்போதுதான் யூபிஎஸ் பழுதானது தெரியவரும். தெரிந்த பிறகுதான் அவரைக் கூப்பிடுவார்கள். மின்சாரம் இல்லாத கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. ஆகவே பெரும்பாலான பேட்டரிகள் படி வழியாகத்தான் மேலே போகின்றன. மூன்றாவது மாடியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். மேலே இருந்து யாராவது எட்டிப் பார்த்து, "யூபிஎஸ் வந்துட்டாரு" என்பார்கள். இருபத்திரண்டு வருடங்களாக வெளியில் அவருக்கு அதுதான் பெயர்.

இடுப்பு வலிக்கு மருத்துவர் சொன்ன ஒரே வைத்தியம், கனமான எதையும் தூக்காதீர்கள் என்பது. அவர் சிரித்தார். மருத்துவரும் சிரித்துவிட்டார். அந்தக் கிளினிக்கின் யூபிஎஸ்ஸைப் படியேற்றியதும் அவர்தான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதி அவருடையது. எல்லை தாண்டக் கூடாது என்று மகள் மேசையின் குறுக்கே சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், சுத்தம் பார்ப்பாள். டேப்புக்கு இந்தப் பக்கம் தட்டுகள், அந்தப் பக்கம் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பிஸ்கட் டப்பாக்கள். டப்பாக்களில் இரண்டு வகைச் சரக்கு. ஒன்று, செத்த யூபிஎஸ்களிலிருந்து கழற்றிய மாஸ்ஃபெட்டுகள். பெரிய மின்சாரத்தைச் சட்டென்று திறந்து மூடும் முரட்டு ஸ்விட்சுகள். இன்னொன்று, உடைந்த பொம்மை ஸ்பீக்கர்களிலிருந்து எடுத்த குட்டி ஆம்ப்ளிஃபயர் ஐசி சிப்புகள். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது.

இந்த இரண்டையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்ப்ளிஃபயர் செய்வார். கிளாஸ்-டி என்று பெயர். அது ஒலியை அப்படியே ஊதிப் பெருக்குவதில்லை. விநாடிக்கு மூன்று லட்சம் தடவை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. எவ்வளவு நேரம் போட்டிருந்தது, எவ்வளவு நேரம் அணைத்திருந்தது என்பதில்தான் பாட்டும் பேச்சும் இருக்கின்றன. பொம்மை ஐசிக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. ஆனால் அதன் பலம் மூன்று வாட், ஒரு குழந்தையைக்கூட எழுப்பாது. மாஸ்ஃபெட்டுக்குப் பலம் உண்டு, கணக்கு தெரியாது. குட்டி ஐசியின் துடிப்பை எடுத்து, நடுவில் துடிப்புக்கு வலுக் கூட்டும் ஒரு டிரைவர் ஐசியை வைத்து, மாஸ்ஃபெட்டுகளிடம் ஒப்படைத்தால் முந்நூறு வாட் வரும். சூடும் அதிகம் ஆகாது.

இதை அவர் ஒரு தடவை மகளுக்கு விளக்கியபோது அவள் சொன்னாள், "நம்ம வீடு மாதிரியே இருக்குப்பா. அம்மா சொல்றாங்க, நீங்க தூக்குறீங்க."

அம்மா சொல்வதுதான் அந்த வீட்டின் பிரச்சினையாக ஆனது. மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பன்னிரண்டு நடைமேடைகள், பத்தொன்பது வருடங்கள். போன வருடக் கடைசியில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போய்விட்டது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களில் ஒன்று அதற்குப் பிறகு அசையவில்லை. குரல் வந்தது, பாதி குரல், பாதி காற்று. வீட்டுக்குள் பேசினால் புரியும். மின்விசிறி ஓடினால் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

விடுப்பு முடிந்து திரும்பிய முதல் வாரத்திலேயே ஒன்பதாம் நடைமேடையில் நின்றிருந்த முப்பது பேர் ஒரு வண்டியைத் தவறவிட்டார்கள். அறிவிப்பு வந்தது, அவர்களுக்குக் கேட்கவில்லை. நிலையத்தின் பழைய ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டினால் அதன் சொந்த இரைச்சலும் கூடவே ஏறியது. மனைவியின் குரலிலும் காற்று, பெட்டியிலும் காற்று. காது எதைப் பிரிக்கும்?

நிலைய மேலாளர் கெட்ட மனிதர் அல்ல. அதனால்தான் பதினான்கு நாள் கொடுத்தார். "மேடம், எனக்கும் மேல இருந்து கேக்குறாங்க. ரெண்டு வாரத்துல ஒன்பதாம் பிளாட்பாரத்துல தெளிவா கேக்கணும். இல்லைன்னா டயர் ஸ்டோருக்கு மாத்தி எழுதிடுவேன். அங்க பேச வேண்டிய அவசியமே இல்லை, உங்களுக்கும் நிம்மதி." புது ஆம்ப்ளிஃபயர் வருமா என்று மனைவி கேட்டதற்கு, விண்ணப்பம் மேலே போயிருக்கிறது என்றார். விண்ணப்பங்கள் மேலே போய் என்ன செய்யும் என்பது பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவருக்குத் தெரியும்.

டயர் ஸ்டோர் ஊரின் மறுமுனையில், இரண்டு வண்டி மாறிப் போக வேண்டிய இடம். மனைவியை உறுத்தியது தூரம் அல்ல. மகளிடம் மட்டும் சொன்னார்: "பேச வேண்டாத எடமாம். எனக்கு நிம்மதியாம்."

யூபிஎஸ்காரர் அன்று மாலை டேப்பின் எல்லையைத் தாண்டினார். மகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

ஒன்பது நாட்கள். காலையில் படிகள், மாலையில் மேசை. இடுப்பு வலியால் ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் அவரால் உட்கார முடிந்தது. மனைவியின் குரலைக் கைபேசியில் பதிவு செய்து, அதில் 'ட', 'த', 'ப' போன்ற எழுத்துகள் எங்கே மங்குகின்றன என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் தூக்கிக் கொடுக்க ஒரு சிறு சர்க்கியூட் போட்டார். பொம்மை ஐசி வேலை செய்தது. டிரைவர் வேலை செய்தது. எட்டு மாஸ்ஃபெட்டுகள், நான்கு மட்டும் போதும் என்றாலும் எட்டு. பழைய யூபிஎஸ் டப்பாவிலேயே எல்லாவற்றையும் அடைத்தார். சோதனைக்காக நாள் முழுக்கப் பாட்டுப் போட்டார். வேலைக்குப் போகும்போதும் ஓடவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

"பாட்டு நல்லாயிருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. நான் பாடப் போறதில்லையே."

அந்தப் பதிலில் அவருக்குத் தேவையான எல்லாம் இருந்தது. அவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, பெட்டியின் கடைசித் திருகை முறுக்கினார்.

பத்தாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு நிலையத்தில் பெட்டியை மாட்டினார். தூண்களில் இருந்த ஆறு நெட்டை ஸ்பீக்கர்களையும் அதில் இணைத்தார். கால் மணி நேரம் பாட்டு ஓடியது. மேலாளர் ஒன்பதாம் நடைமேடை வரை நடந்துபோய்த் திரும்பி வந்து தலையாட்டினார். ஆறு ஐந்துக்கு மைக் மனைவியிடம் போனது.

"பயணிகள் கவனத்திற்கு. ஒன்பதாவது நடைமேடை. தடம் எண் நாற்பத்து மூன்று, ஆறு பத்துக்குப் புறப்படும்."

குரலில் காற்று இருந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இறங்கியது. ஒன்பதாம் நடைமேடையில் பைகள் தோளுக்கு ஏறின. மனைவி கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார். மைக்கை அணைத்தார். கணவரைப் பார்த்தார். யூபிஎஸ்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

அரை நிமிடம் இருக்கும். வெளியே தூண்களிலிருந்து ஒரே ஒரு 'டப்'. பிறகு ஒரு வாசனை, வார்னிஷ் கருகும் வாசனை. நான்காம் நடைமேடையில் ஒரு பெண் மேலே கையைக் காட்டினார். நெட்டை ஸ்பீக்கரின் வாயிலிருந்து புகை கசிந்தது. பெட்டிக்குள் ஃபியூஸ் போவதற்குள் ஆறில் நான்கு ஸ்பீக்கர்கள் போய்விட்டன.

அடுத்த அறிவிப்புக்கு மனைவி மைக்கைப் போட்டுப் பேசினார். தன் குரல் அறைக்குள்ளேயே நின்றதை அவரே கேட்டார். ஒரு நடத்துநர் அறை வாசல் படிக்கட்டில் ஏறி நின்று தடம் எண்களைக் கத்தத் தொடங்கினார். "பரவாயில்லக்கா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்குறேன்" என்றார் அவர், நல்ல எண்ணத்தில்தான். அதைவிட ஒரு வசவு தேவலை என்றிருந்தது மனைவிக்கு.

"சார்," என்றார் மேலாளர் யூபிஎஸ்காரரிடம், "ஒரு தடவை பேசினதுக்கேவா?"

ஸ்பீக்கர்களை அவிழ்த்து எடுத்துக்கொண்டு அவர் காயில்காரரிடம் போனார். எரிந்த ஸ்பீக்கர்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பதே காயில்காரரின் தொழில். சந்துக்குள் ஒரு அறை, ஒரு விளக்கு, கையால் சுற்றும் ஒரு சக்கரம். காயில்காரர் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்து, கருகிய சுருளை விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"என்னண்ணே போட்டீங்க இதுல?"

"ஆம்ப்தான். சத்தம் அதிகமாயிடுச்சு போல."

"சத்தத்துல எரிஞ்சா வேற மாதிரி இருக்கும்ணே. ஆடி ஆடி உரசி, ஓரமெல்லாம் பிஞ்சு வரும். இது ஆடவே இல்ல. ஒரே பக்கம் தள்ளி, அப்படியே நின்னு, நின்ன எடத்துல வெந்திருக்கு. இது பாட்டுல எரிஞ்சது இல்ல, பேட்டரில எரிஞ்சது."

"பேட்டரி எங்கேருந்து வரும்?"

"அதை நீங்கதான் சொல்லணும். ஊருக்கே பேட்டரி மாட்டுறவரு."

அதாவது, ஆம்ப்ளிஃபயர் ஒலியை அனுப்பவில்லை. பேட்டரி போல ஒரே திசையில் பாயும் நேர் மின்சாரத்தை அப்படியே ஸ்பீக்கருக்குள் திறந்துவிட்டிருக்கிறது. ஏன்? அன்று மாலை ஸ்பீக்கருக்குப் பதிலாக மீட்டரை மாட்டிப் பார்த்தார். பாட்டுப் போட்டார். முள் பூஜ்யத்தில் நின்றது. ஒலியைக் கூட்டினார், குறைத்தார், பெட்டியைத் தட்டினார், ஹேர் டிரையரால் சூடேற்றினார். பூஜ்யம். ஒரு மணி நேரம் பூஜ்யம். குற்றம் செய்தவன் எல்லோர் முன்னிலையிலும் யோக்கியனாக நிற்பது போல் அது நின்றது.

மகளின் கைபேசி அடித்தது. "அப்பா, கொஞ்சம் பாட்டை நிறுத்துங்க, கடையிலேருந்து கூப்பிடுறாங்க."

நிறுத்தினார். அவள் ஏதோ மாத்திரையின் இருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடி இரண்டு கைகளாலும் இடுப்பை அழுத்தினார். திறந்தபோது மீட்டர் முள் மறுகோடியில் கிடந்தது. நாற்பது வோல்ட்.

பாட்டுப் போட்டார், பூஜ்யம். நிறுத்தினார், கடிகாரத்தைப் பார்த்தார். இருபதாவது விநாடியில் நாற்பது.

அந்தக் குட்டி ஐசி பொம்மைக்காகப் பிறந்தது. குழந்தை பொம்மையைப் போட்டுவிட்டுப் போனால் பேட்டரி தீரக் கூடாது என்று, இருபது விநாடி சத்தம் இல்லாவிட்டால் துடிப்பதை நிறுத்திவிட்டு உறங்கப் போகும். உறங்கும்போது துடிப்பு வெளியேறும் தன் காலைத் தரையோடு, பூஜ்ய வோல்ட்டில் வைத்துக்கொள்ளும். பொம்மைக்குள் அதற்கு அர்த்தம், அமைதி. ஆனால் பெரிய மாஸ்ஃபெட்டுகளுக்கு அமைதி என்று ஒன்று சொல்லித் தரப்படவில்லை. கீழே என்றால் கீழ்ப்பக்க ஸ்விட்ச் திறந்தே இருக்கட்டும் என்றுதான் அவை புரிந்துகொள்ளும். விநாடிக்கு மூன்று லட்சம் தடவை மாற வேண்டிய ஸ்விட்ச் ஒரே நிலையில் நின்று, நாற்பது வோல்ட்டை ஸ்பீக்கரின் தலையில் கொட்டும்.

நாள் முழுக்கப் பாட்டுப் போட்டுச் சோதித்திருக்கிறார். பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றார். "ஏம்மா, நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை பேசுவே?"

மனைவி திரும்பிப் பார்த்தார். "எங்க, இங்கயா அங்கயா?"

"அங்க."

"நூத்தி நாப்பது."

"ஒரு தடவைக்கு?"

"பன்னெண்டு செகண்டு. பத்தொம்போது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கேக்குறீங்க."

அவர் பேனாவைத் தேடவில்லை, மனக்கணக்கே போதுமாயிருந்தது. இருபத்தெட்டு நிமிடம். எட்டு மணி நேர வேலையில் ஏழரை மணி நேரம் மனைவி பேசாமல், கடிகாரத்தையும் கண்ணாடிக்கு வெளியே வண்டிகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேசுவதுதான் மனைவியின் வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். காத்திருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

"உன் தொண்டையால எரியல," என்றார். "என்னாலதான். நாளைக்கு மேலாளர்கிட்ட நானே சொல்றேன்."

"என்னால எரிஞ்சதுன்னு யாரு சொன்னா?"

"நீ அப்படி நெனச்சிட்டிருந்தே."

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான்கு நாட்கள் பாக்கி.

துடிப்பு நின்றால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே ஒன்றை முதலில் போட்டார். யூபிஎஸ் தொழிலில் அது பால பாடம். எந்த யூபிஎஸ்ஸும் துடிப்பு நின்ற பின் வயரைப் பிடித்துக்கொண்டிருக்காது. தன் தொழிலில் தினமும் செய்வதைத் தன் மேசையில் மறந்திருக்கிறார். ஆனால் ரிலே மட்டும் போதவில்லை. ஐசி உறங்கி எழுந்து, ரிலே ஸ்பீக்கரை மறுபடி சேர்ப்பதற்குள் ஒன்றரை விநாடி போனது. மனைவியைப் பேசச் சொல்லிப் பார்த்தார். "பயணிகள்" விழுங்கப்பட்டது.

"பயணிகள் போனா போகட்டும்," என்றார் யூபிஎஸ்காரர்.

"சில சமயம் அவசரத்துல நேரா பிளாட்பார நம்பர்லதான் ஆரம்பிப்பேன். 'ஒன்பது' போச்சுன்னா மிச்சத்தைக் கேட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

ஆக, ஐசியை உறங்கவே விடக் கூடாது. வேறு ஐசி வாங்கலாம். வந்து சேர ஆறு நாளாகும். உறங்குவதை நிறுத்தும் கால் இந்த ஐசியில் இல்லை.

"மைக்கை அணைக்காமலே வெச்சிருக்கேன்," என்றார் மனைவி. "என் மூச்சுச் சத்தம் கேட்டா அது முழிச்சிருக்காதா?"

"பன்னெண்டு பிளாட்பாரத்துலயும் உங்க மூச்சு," என்றாள் மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல். "பஸ் ஸ்டாண்டே காலியாயிடும்மா. மேலாளருக்கு வேலை மிச்சம்."

மனைவி சிரித்தார். சிரிப்பிலும் இப்போது காற்றுதான் அதிகம். சிரிப்பு வந்தால் வாயை மூடிக்கொள்ளப் பழகியிருந்தார். அன்று மூடவில்லை.

மூச்சு என்ற யோசனையை யூபிஎஸ்காரர் விடவில்லை. அந்த நெட்டை ஸ்பீக்கர்களால் எழுப்பவே முடியாத, காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த அதிர்வை, மிக மெல்லியதாக, ஐசிக்குள் நிரந்தரமாக ஊட்டினார். ஐசிக்கு மட்டும் அது கேட்கும். யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்து விழித்திருக்கும். அடுத்த இரண்டு நாட்களும் வீட்டில் பாட்டு இல்லை. பேசாத பெட்டியின் முன்னால் அவர் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேலாளரிடம் யூபிஎஸ்காரர் எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் பொம்மை என்ற வார்த்தையில் சிக்கிக்கொண்டார். "பொம்மையில இருந்து எடுத்ததா சார் இது? எழுத்துல இதை நான் எப்படிப் போடுறது?" பிறகு ஒரு நிபந்தனை போட்டார். கடைசி நாள் சோதனை நடக்கலாம். ஆனால் ஷிஃப்ட் முடியும்வரை யூபிஎஸ்காரர் அந்த அறையை விட்டு நகரக் கூடாது. புகை வந்தால் அவர்தான் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும்.

பதினான்காம் நாள் யூபிஎஸ்காரர் பேட்டரி வேலைக்குப் போகவில்லை. அறிவிப்பு அறை ஆறடிக்கு ஐந்தடி. ஒரு நாற்காலிதான்; அவர் கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்தார். புதுச் சுருள் கட்டிய ஸ்பீக்கர்கள் தூண்களில் ஏறியிருந்தன. ஆறு ஐந்துக்கு முதல் அறிவிப்பு. மைக் அணைந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தார், அவர் மீட்டரைப் பார்த்தார். இருபது விநாடி. நாற்பது விநாடி. ஒரு நிமிடம். முள் பூஜ்யத்திலேயே நின்றது.

"மூச்சு விடுங்க," என்றார் மனைவி.

ஏழு மணிக்கு வாடிக்கையாளர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒரு கண் மருத்துவமனை, இரண்டு அலுவலகங்கள், தன் வீட்டு யூபிஎஸ் பாம்பு போல் சீறுகிறது என்று ஒரு வக்கீல். பிறகு அவர் கைபேசியை அணைத்தார். அறிவிப்புகளுக்கு நடுவே மனைவி செய்வதையெல்லாம் பார்த்தார். வண்டி பின்னால் எடுக்கும்போது எந்த ஓட்டுநர் என்பதைத் திருப்பும் விதத்தை வைத்தே சொன்னார். தாமதமான வண்டிகளைச் சிறு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன் வெந்நீரில் ஒரு மிடறு, விழுங்கிவிட்டு மூன்று வரை எண்ணிக்கை. நூற்று நாற்பது மிடறு. அதையும் யூபிஎஸ்காரர் இதுவரை அறிந்ததில்லை.

பத்தரைக்கு மேலாளர் ஒன்பதாம் நடைமேடைக்குப் போய், என்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் பின்னால் நின்றார். அறிவிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரரிடம் கேட்டார், "என்ன சொன்னாங்க?"

"பதினேழாம் நம்பர், பதினொண்ணாம் பிளாட்பாரம், பத்து நாப்பது. ஏன் சார், உங்களுக்குக் கேக்கலையா? காதுல ஏதாச்சும்..."

"கேக்குது, கேக்குது. தெளிவா இருக்கா?"

"தெளிவாத்தான் இருக்கு. யாரோ தோள்ல கை வெச்சு ரகசியம் சொல்ற மாதிரி. முன்னெல்லாம் திட்டுற மாதிரி இருக்கும்."

ஒரு மணி வாக்கில் யூபிஎஸ்காரர் கூடையின் மேலேயே உட்கார்ந்தபடி அசந்துவிட்டார். மனைவி எழுப்பவில்லை. மீட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மிச்ச அறிவிப்புகளைச் சொன்னார். இரண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்டுக்காரர் கதவைத் திறந்தபோதுதான் அவர் விழித்து, முதலில் புகை வருகிறதா என்று தூண்களைப் பார்த்தார்.

மேலாளர் டயர் ஸ்டோருக்கான கடிதத்தைக் கிழிக்கவில்லை. தேதியை அடித்துத் தள்ளிப்போட்டார். பெட்டியை 'தற்காலிக ஏற்பாடு' என்று பதிவு செய்தார், பொம்மையைப் பற்றி எழுதவில்லை. புது ஆம்ப்ளிஃபயர் வரும்வரை மாதத்தின் முதல் ஞாயிறு யூபிஎஸ்காரர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவக் குழு நான்கு மாதம் கழித்து மனைவியின் குரல் நாணை மறுபடி பரிசோதிக்கிறது. அதுவரை அவருக்குக் காலை ஷிஃப்ட், ஆறு முதல் இரண்டு வரை.